மாமாவின் யஷிக்காவும் தண்ணீருக்குள் போன கடைவீதியும்



கொஞ்சம் நீளமான பதிவு. இவ்வளவு எழுதினால் யார் வாசிப்பார்கள் என்று வீட்டிலேயே கேட்டார்கள். ஊர்ச் சரித்திரம் என்றால் நம்மவர்கள் வாசிப்பார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தோம். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

பழைய பல்லேகம கடைவீதி இன்று களுகங்கை நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. 2018இல் அணையில் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். அதற்கு முன்னரே அலுவலகங்களும் கடைகளும் புதிய நகரத்துக்கு இடம்மாறிவிட்டன. அந்தத் திட்டத்தின் நன்மை தீமை பேசுவது இந்தப் பதிவின் நோக்கம் அல்ல. நாங்கள் சொல்ல வந்தது படங்களைப் பற்றி.

ஊர் போகப் போகிறது என்று தெரிந்ததும் எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுத்தோம். எங்கள் மூத்தவாப்பா சில்லறைக் கடை வைத்திருந்த இடம், பஸ் நிற்கும் இடம், அதற்குப் பின்னால் இருந்த மரம், மழைக்கு ஒதுங்கும் திண்ணை என்று நாங்களும் நூற்றுக்கு மேல் எடுத்தோம். அந்தப் போன் மறு வருடமே பழுதானது. ஒரு கடையில் திருத்தக் கொடுத்தோம். போன் திரும்பி வந்தது, படங்கள் வரவில்லை. வேறு எங்கும் சேமித்து வைக்காதது எங்கள் பிழை.

போன வருடம் நோன்புக்கு முன் வீடு துப்பரவு செய்யும்போது உம்மா அலுமாரியின் மேல்தட்டிலிருந்து இரண்டு சாமான்களை எடுத்துத் தந்தார். ஒன்று, பூஞ்சணம் பிடித்த தோல் உறைக்குள் மாமாவின் பழைய கமரா. மற்றது ஒரு பிஸ்கட் டின். டின்னுக்குள் ஆறு ஆறாக வெட்டிய நெகட்டிவ் துண்டுகள். ஒரு துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும், விரல்நகம் அளவில், மூத்தவாப்பாவின் கடை நின்றது.

நாற்பது வருடத்துக்கு முந்திய படம் பிஸ்கட் டின்னுக்குள் உயிரோடு இருக்கிறது. அண்மையில் எடுத்த நூறு படம் எங்கேயும் இல்லை. அன்றிலிருந்துதான் இந்தக் கமராவின் கதையைத் தேடத் தொடங்கினோம்.

மாமாவின் கமரா யஷிக்கா எலெக்ட்ரோ 35, ஜீ.எஸ்.என். வகை. இதை ரேஞ்ச்ஃபைண்டர் கமரா என்பார்கள், தூரம் அளந்து படம் எடுக்கும் கமரா என்று பொருள். அது எப்படித் தூரத்தை அளக்கிறது என்று அறிய ஒரு சின்னச் சோதனை போதும். கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்குங்கள். இடக்கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு வலக்கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இங்குமங்கும் குதிக்கும். விரலைக் கிட்டக் கொண்டுவந்தால் கூடக் குதிக்கும், தூரத்தில் இருக்கும் மரம் குதிப்பதே தெரியாது. கமராவின் முன்பக்கத்திலும் இரண்டு கண்கள் மாதிரி இரண்டு சின்னக் கண்ணாடி ஜன்னல்கள் உண்டு. இரண்டின் ஊடாகவும் வரும் உருவங்களை உள்ளே ஒரு அரைக் கண்ணாடி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப அந்த இரட்டை உருவம் நெருங்கிவரும். இரண்டும் சரியாகப் பொருந்தி ஒன்றானால் லென்ஸும் அந்தத் தூரத்துக்குச் சரியாக வந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே இருப்பது கணக்குப் பாடத்தில் நாம் படித்த முக்கோணம்தான்.

ஒளியைப் பற்றிப் பேசினால் நம்மவர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. 965இல் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், ‘கிதாபுல் மனாழிர்’ என்ற தன் நூலில் ஒளி எப்படிப் பயணிக்கிறது என்று சோதனை செய்து எழுதினார். இருட்டறை ஒன்றின் சிறு துவாரத்துக்கு வெளியே சில விளக்குகளை வைத்தார். உள்ளே ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு வெளிச்சப் பொட்டு விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. ஒளி நேர்கோட்டில் போகிறது, ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை என்று இதிலிருந்து காட்டினார். கமரா என்ற சொல்லே லத்தீனில் அறையைக் குறிப்பது. அந்த இருட்டறை சுருங்கிச் சுருங்கித்தான் கைக்குள் வந்தது.

ஆனால் சுருங்குவதற்குப் பல நூறு வருடம் எடுத்தது. 19ஆம் நூற்றாண்டில் கமரா என்பது ஒரு பெட்டி, ஒரு முக்காலி, கனமான கண்ணாடித் தட்டுகள். புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக்காரி ஜூலியா மார்கரட் கமரோன் தன் கடைசிக் காலத்தை இலங்கைத் தோட்டப்புறத்தில் கழித்தவர். 1879இல் இங்கேயே இறந்து பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் இங்கே எடுத்த படங்களில் தோட்டத் தொழிலாளரும் கிராமத்தவரும் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலானோரின் பெயர் இல்லை. பிறகு கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளேட் நிறுவனம் போன்றவை இலங்கைப் படங்களைத் தபாலட்டையாக அச்சிட்டு வெளிநாட்டாருக்கு விற்றன. அந்தக் காலத்துப் படங்களில் நம் சமூகத்தவரும் வருகிறார்கள். ‘மூர்மேன்’ என்று கீழே ஒரு சொல் இருக்கும். யாருடைய வாப்பா, எந்த ஊர், என்ன பெயர் என்று இருக்காது. கமரா அடுத்தவர் கையில் இருந்தால் நாம் ஒரு மாதிரிப் பொருள் மட்டும்தான்.

அந்தப் பெட்டியைச் சின்னதாக்கியவர் ஜேர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் கம்பனியில் வேலை செய்த ஒஸ்கார் பார்னாக். அவர் ஆஸ்துமா நோயாளி. கனமான கமராவைச் சுமந்துகொண்டு மலை ஏற முடியாது. சினிமாவுக்குப் பாவிக்கும் 35 மி.மீ. பிலிமைச் சாதாரணக் கமராவில் பாவித்தால் என்ன என்று யோசித்து முதலாம் உலக யுத்தத்துக்குச் சற்று முன் ஒரு மாதிரியைச் செய்தார். யுத்தம் குறுக்கே வந்தது. 1925இல்தான் ‘லைக்கா’ சந்தைக்கு வந்தது. தொடக்கத்தில் தூரத்தைக் கண்மட்டத்தில்தான் சொல்ல வேண்டும், அல்லது தனியாக ஒரு அளவுகருவியை மேலே மாட்ட வேண்டும். 1932இல் லைக்கா, கொன்டாக்ஸ் இரண்டும் ரேஞ்ச்ஃபைண்டரை லென்ஸோடு இணைத்து வெளிவந்தன.

அதன் பிறகு அது நாடு நாடாகப் பரவியது. 1934இல் உக்ரேனின் கார்கிவ் நகரில், வீடற்ற பிள்ளைகளை வளர்த்த ஒரு கம்யூனில், லைக்காவைப் பார்த்து ‘ஃபெட்’ என்ற கமராவைச் செய்யத் தொடங்கினார்கள். அந்தக் கம்யூனை நடத்தியவர் அந்தோன் மகரென்கோ. ஆசிரியர் கலாசாலையில் கல்வியியல் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் ஞாபகம் வரும். நாங்களும் பரீட்சைக்குப் பாடமாக்கிய பெயர்தான். அவருடைய பிள்ளைகள் கமரா செய்தார்கள் என்பது இப்போதுதான் தெரியும். ஜப்பானில் 1930களின் நடுவில் கெனன் தொடங்கியது. யுத்தத்துக்குப் பிறகு நிக்கோன், மினோல்டா, யஷிக்கா எல்லாம் வந்தன.

சின்னக் கமரா வந்ததால் என்ன மாறியது? முக்காலி வேண்டாம், ஒரு றோலில் 36 படம், சட்டைப்பையில் வைக்கலாம், சத்தமும் குறைவு. பிரான்சின் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் லைக்காவோடு 1948 ஜனவரி 30 அன்று காந்தியைச் சந்தித்தார். அன்று மாலையே காந்தி சுடப்பட்டார். அடுத்த நாட்களின் அழுகையையும் கூட்டத்தையும் சிதையையும் உலகம் பார்த்தது அவருடைய படங்களிலும்தான். பெட்டிக் கமராவை நிறுத்தி வைத்து அப்படி எடுக்க முடியாது.

நம் நாட்டில் இந்தச் சின்னக் கமராவை உலகத் தரத்துக்குக் கொண்டுபோனவர் லயனல் வென்ட். கொழும்பு கில்ட்ஃபோட் கிரசன்டில் இருக்கும் நாடக அரங்கின் பெயராகத்தான் நம் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும். 1900இல் பிறந்தவர், சட்டம் படித்தவர், பியானோ வாசித்தவர். 1930களில் லைக்காவும் ரோலிஃபிளெக்ஸும் வைத்துக்கொண்டு இலங்கைக் கிராமங்களையும் மனிதரையும் எடுத்தார். 1934இல் வந்த ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படத்தில் கேட்பது அவருடைய குரல்தான். 1938இல் லண்டனில் அவருடைய படக் கண்காட்சி நடந்தது. 1944 டிசம்பரில் காலமானார்.

அவர் இறந்த பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. கையில் மிஞ்சியது அவர் வாழும்போதே அச்சிட்டிருந்த பிரதிகள் மட்டும்தான். 1950இல் வந்த அவருடைய படப் புத்தகமும் பின்னாளில் நாம் பார்க்கும் எல்லாமும் அந்தப் பிரதிகளில் இருந்து வந்தவை. நாட்டின் மிகப் பெரிய புகைப்படக்காரருக்கே அந்த நிலை என்றால் நம் வீட்டு பிஸ்கட் டின்னை யார் பார்ப்பது?

இனி நம் வீட்டுப் பக்கம் வருவோம். நம் மூத்தவர்களின் படங்கள் ஏன் இவ்வளவு குறைவு?

முதல் காரணம் மார்க்கப் பேணுதல். உருவம் வரைவதைப் பற்றிய ஹதீஸ்களை வைத்து, புகைப்படமும் அதுதானா என்று உலமாக்கள் நெடுங்காலம் விவாதித்தார்கள். எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷெய்க் முஹம்மத் பகீத் அல்-முதீஈ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சிறுநூலே எழுதினார். புகைப்படம் எடுப்பது புதிதாக ஒன்றைப் படைப்பதல்ல, விழும் நிழலைப் பிடித்து வைப்பது என்பது அவருடைய வாதம். அதை ஏற்றவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. அந்த மஸ்அலாவுக்குள் நாங்கள் போகவில்லை. எங்கள் வீடுகளில் பெரியவர்கள், முக்கியமாகப் பெண்கள், கமராவுக்கு முன் நிற்க விரும்பவில்லை என்பதை மட்டும் சொல்கிறோம்.

அந்தப் பழக்கத்தை அசைத்தது அரசாங்கம். 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972இல் அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். அட்டைக்குப் படம் கட்டாயம். அதுவரை ஸ்டூடியோ வாசலை மிதிக்காத எங்கள் உம்மும்மா மாத்தளைக்குப் பஸ் ஏறிப்போய் ஒரு நிமிடம் கதிரையில் உட்கார்ந்துவிட்டு வந்தார். வாழ்நாளில் அவர் சம்மதித்து எடுத்த ஒரே படம் அது. அவர் மௌத்தான பிறகு மரணத்தைப் பதியும்போது அட்டையை ஒப்படைத்துவிட்டார்கள். பிரதி எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. உங்கள் வீடுகளிலும் இதே கதை இருக்கும்.

இரண்டாவது காரணம் காசு. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. பாணுக்கே வரிசையில் நின்ற காலத்தில் கமராவும் பிலிமும் யாருக்குக் கிடைக்கும்? 1977க்குப் பிறகு சந்தை திறந்தது. அதே காலத்தில் நம்மவர்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். திரும்பி வரும்போது ரேடியோ கசெட், கடிகாரம், கம்பளிப் போர்வை, இவற்றோடு சில பைகளில் ஒரு ஜப்பான் கமராவும் வந்தது. மாமா 1981இல் ஜித்தாவில் இருந்து வந்தபோது அவர் தோளில் இந்த யஷிக்கா தொங்கியது.

இந்த வகைக் கமராவை யஷிக்கா 1966இல் அறிமுகப்படுத்தியது. வெளிச்சத்தை அதுவே அளந்து, ஷட்டர் எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று மின்சாரத்தால் தீர்மானிக்கும். எடுப்பவர் லென்ஸ் துவாரத்தின் அளவை வைத்தால் போதும். மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் வெளிச்சம் கூடிவிட்டது, மஞ்சள் எரிந்தால் குறைவு, கை ஆடாமல் பிடி என்று பொருள். லைக்கா வாங்க வசதி இல்லாத ஆசிரியர், குமாஸ்தா, கடைக்காரர், வெளிநாட்டுத் தொழிலாளி ஆகியோரின் கைக்குத் தரமான கமராவைக் கொண்டுவந்தவை இப்படியான ஜப்பான் கமராக்கள். நாம் நம்மை எடுக்கத் தொடங்கியது அப்போதுதான்.

சரி, கமராவைத் திருத்திய கதை. உங்களில் யாரிடமாவது இதே மாதிரி ஒன்று இருக்கலாம் என்பதால் விபரமாகச் சொல்கிறோம்.

கண்டியில் பழைய கமரா திருத்தும் வயதானவர் ஒருவரைத் தேடிப்பிடித்தோம். கையில் வாங்கி முதலில் அவர் செய்தது பிலிம் சுற்றும் நெம்பை இழுத்துக் காதில் வைத்துக் கேட்டதுதான். இந்த வகைக் கமராவில் நெம்பு இழுத்து முடியும்போது உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டுமாம். எங்கள் கமராவில் வரவில்லை. உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் துண்டு காலத்தோடு கரைந்து போனால் அந்தச் சத்தம் நின்றுவிடும், ஷட்டர் நேரமும் தவறிவிடும். அநேகமாக எல்லா எலெக்ட்ரோவிலும் வரும் நோய் அது என்றார். முன்பக்கத்தைக் கழற்றி, அளவாக வெட்டிய புதிய ரப்பர் துண்டை ஒட்டினார். அடுத்த தடவை இழுத்தபோது ‘டொக்’ என்று கேட்டது. அவர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம்.

அடுத்தது பற்றரி. மாமா இதை அலுமாரியில் போட்டதற்குக் காரணமே பற்றரி கிடைக்காமல் போனதுதான். அந்தக் காலத்து 5.6 வோல்ட் பாதரசப் பற்றரியை இப்போது செய்வதில்லை. பாதரசம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் நஞ்சு. ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசம் கலந்த கழிவு மனிதரை என்ன செய்தது என்பதை உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர் யூஜின் ஸ்மித் என்ற புகைப்படக்காரர். ஆகவே அந்தப் பற்றரி போனது நல்லதுதான். அதற்குப் பதில் 6 வோல்ட் சின்னப் பற்றரி ஒன்றைக் கடதாசிக் குழாய்க்குள் வைத்து, மீதி இடத்தை ஒரு ஸ்பிரிங்கால் நிரப்பினோம். அந்தச் சிறு வித்தியாசத்தைக் கமரா தாங்கிக்கொள்கிறது. பற்றரித் தொட்டியில் படிந்திருந்த பச்சைக் களிம்பை வினாகிரி தொட்ட பஞ்சால் துடைத்தோம்.

பின்மூடியைச் சுற்றி வெளிச்சம் புகாமல் வைத்திருந்த கறுப்பு ஸ்பொஞ்ச் தார் மாதிரி உருகி ஒட்டியிருந்தது. பல்லுக்குத்தும் குச்சியாலும் அற்ககோலாலும் இரண்டு மாலை நேரம் இருந்து சுரண்டினோம். அந்த இடத்தில் கறுப்புக் கம்பளி நூலைப் பதித்தோம். தையல் சாமான் கடையில் வாங்கிய நூல்தான், இன்றுவரை ஒரு கீற்று வெளிச்சமும் உள்ளே போகவில்லை.

லென்ஸின் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம். அதைத் துடைத்தெடுத்த பிறகும் ஒரு மங்கலான அடையாளம் கண்ணாடியில் நிற்கிறது. தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், உறைக்குள் வைத்துப் பூட்டியதுதான் பிழை என்றார் திருத்துபவர். தூரம் பார்க்கும் ஜன்னல் மங்கியிருந்ததால் மேல்மூடியைக் கழற்றி உள்ளே துடைக்க வேண்டியிருந்தது. நாங்கள் துணியை எடுத்ததும் கையைப் பிடித்து நிறுத்தினார். அரைக் கண்ணாடியின் பூச்சு மிக மெல்லியது, தேய்த்தால் பூச்சே போய்விடும், பிறகு இரட்டை உருவமும் வராது. தூசியை ஊதி எடுத்துவிட்டு வெளிக்கண்ணாடிகளை மட்டும் துடைத்தார். பிறகு தூரத்தில் தெரிந்த ஒரு கம்பத்தைப் பார்த்து, உள்ளே ஒரு சின்னத் திருகாணியை நூலளவு திருப்பி, இரண்டு உருவமும் ஒன்றாகும்படி சரிசெய்தார்.

கறுப்பு வெள்ளை றோல் ஒன்று வாங்கிப் போட்டோம். முதல் ஆறு படமும் வெறுமை. லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை! இந்தக் கமராவில் நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, பக்கத்து ஜன்னல் வழியாக. மூடி போட்டிருந்தாலும் எல்லாம் அழகாகத் தெரியும். மாமாவிடம் சொன்னோம். “எனக்கு ஒரு கலியாணமே அப்படிப் போச்சு” என்றார். 1959இல் வந்த நிக்கோன் எஃப் போன்ற, லென்ஸ் வழியாகவே பார்க்கும் கமராக்கள் மெல்ல மெல்ல இந்த வகையைச் சந்தையிலிருந்து தள்ளியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

இப்போது டின்னுக்குள் இருந்த நெகட்டிவ்களுக்கு வருகிறோம். அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்ததில் இரண்டு படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதல் படம் கடை வாசல். பலகைக் கதவு, தொங்கும் வாழைக்குலை, சாக்கு மூட்டை, தொப்பியோடு மூத்தவாப்பா. பக்கத்தில் ஒரு சிங்கள விவசாயி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு வயதுப் பையன். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, ஊரில் எல்லோரும் ‘நானாகே கடே’ என்றுதான் சொல்வார்களாம். அந்தப் பையன் யார் என்று மாமா சொன்னார். இன்று அவர் புதிய நகரத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். படத்தைக் கொண்டுபோய்க் காட்டினோம். தன்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தன் தகப்பனைப் பார்த்துவிட்டு வெகு நேரம் பேசவில்லை. அவருடைய வீடும் தண்ணீருக்குள். தகப்பன் அந்த வீதியில் நிற்கும் படம் அவரிடம் ஒன்றுகூட இல்லை. ஒரு பிரதி கேட்டார், கொடுத்தோம். அதே யஷிக்காவால் அவரையும் ஆட்டோவோடு ஒரு படம் எடுத்தோம், இந்தத் தடவை மூடியைக் கழற்றிவிட்டு.

இரண்டாவது படம், கடைக்குப் பின்னால் வீட்டு வாசற்படி. அதில் உம்மும்மா இருக்கிறார். தலையில் முக்காடு, கையில் சுளகு, முகம் பக்கவாட்டில். கமராவைப் பார்க்கவில்லை. மாமாவிடம் கேட்டோம். “அவவுக்குத் தெரியா புள்ள. இந்தக் கமரா சத்தம் போடாதே. கேட்டிருந்தா உள்ளுக்குப் போயிருப்பா” என்றார். அப்போது எடுத்துவிட்டு, பிறகு பயந்து, அவரிடம் காட்டவே இல்லையாம்.

உம்மா அந்தப் படத்தைப் பார்த்தார். கண் கலங்கினார். பிறகு, “அவ விரும்பாதத நாம செய்யக்கூடாது” என்றார். மாமா, “பேரப்பிள்ளைகளுக்கு அவ முகமே தெரியாதே” என்றார். இரண்டு பேரும் சொன்னது சரி என்றுதான் எங்களுக்குப் பட்டது. இரண்டு மூன்று நாள் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் ஒரே ஒரு சின்னப் பிரதி மட்டும் போட்டு உம்மாவின் கையில் கொடுத்தோம். அவர் அதைத் தன் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். யாருக்குக் காட்டுவது என்பது அவருடைய முடிவு. அந்தப் படம் இந்தப் பதிவில் இல்லை, இனியும் போட மாட்டோம். நெகட்டிவ் பத்திரமாக இருக்கிறது.

பதிவில் போட்டிருப்பது கடை வாசல் படம் மட்டும். ஆட்டோக்காரரிடமும் அனுமதி கேட்டுத்தான் போட்டோம்.

படம் இல்லாமல் போவதன் வலி நம் நாட்டில் பலருக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் சகோதரர்களில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். அவ்வளவு நேரத்தில் யார் அல்பத்தைத் தேடுவார்? 2004 சுனாமியில் கிழக்கில் எத்தனை வீட்டு அல்பங்கள் கடலோடு போயின! நமக்கோ முன்கூட்டியே சொல்லி, நாள் குறித்து, லொறி பிடித்து வீடு மாறினோம். அப்படி இருந்தும் பழைய டின்களையும் பெட்டிகளையும் குப்பையில் போட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவற்றில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது.

அதனால் எங்கள் வேண்டுகோள் இதுதான்.

அலுமாரி மேல், கட்டிலுக்கு அடியில், பழைய சூட்கேஸுக்குள் பாருங்கள். நெகட்டிவ் இருந்தால் வீசாதீர்கள். பிரிண்ட் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், வர்ணப் பிரிண்ட் மங்கும், நெகட்டிவில் இருந்து மறுபடி எடுக்கலாம். தண்ணீரால் கழுவாதீர்கள். விரல் படாமல் ஓரத்தில் பிடியுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கிக் கட்டாமல் சுத்தமான கடதாசி உறைக்குள் போட்டு, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். வினாகிரி வாசம் அடித்தால் அந்தப் பிலிம் கெட்டுக்கொண்டு வருகிறது என்று அர்த்தம், அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, முதலில் பிரதி எடுங்கள். ஒட்டும் பக்கம் உள்ள அல்பத்தில் படங்கள் பிடித்துக்கொண்டால் இழுத்துக் கிழிக்காதீர்கள், அப்படியே வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

அதைவிட முக்கியம், இப்போதே மூத்தவர்களிடம் காட்டிப் பெயர் கேளுங்கள். யார், எந்த இடம், எந்த வருடம் என்று பென்சிலால் உறையின் மேல் எழுதுங்கள். ‘மூர்மேன்’ என்று வெறுமனே ஒரு சொல்லோடு நின்ற படங்களின் கதி நம் மூத்தவர்களின் படங்களுக்கும் வரக்கூடாது.

பழைய கடைவீதி, பாடசாலை, வயல், திருவிழா, கலியாணம் என்று எந்த நெகட்டிவ் இருந்தாலும், எந்தச் சமூகத்தவர் வீட்டில் இருந்தாலும் எங்களிடம் கொண்டு வாருங்கள். போனின் வெள்ளைத் திரையில் வைத்துப் பிரதி எடுத்து, உங்கள் முன்னாலேயே நெகட்டிவைத் திருப்பித் தருவோம். யாருடைய படத்தை வெளியே போடலாம், யாருடையதைப் போடக்கூடாது என்பதை வீட்டார்தான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான்.

பழைய கமரா இருந்தாலும் கொண்டு வாருங்கள். நெம்பை இழுத்து அந்த ‘டொக்’ சத்தம் வருகிறதா என்று பார்க்க இப்போது எங்களுக்கும் தெரியும்.

மாமாவின் உடல்நலத்துக்கும், எங்கள் மூத்தவாப்பா, உம்மும்மாவின் மறுமைக்கும் துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.